குடிக்காதவர்களுக்கு ஒயின் ரோட்டில் என்ன வேலை?

3 ஜூன் 2023, காலை 9.10 (கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

மகள் பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்கில் படிக்கிறாள். செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் போகிறோம், முதல் வெளிநாட்டுப் பயணம். அந்த ஊர் இருக்கிற அல்சாஸ் பகுதியில் ஒயின் ரோடு என்று ஐந்து நாளைக்குத் திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாள். பதினான்கு ஊர். நான் குடிக்க மாட்டேன். மனைவி சைவம், கேக்கில் முட்டை இருந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள். என் மச்சான் சிரிக்கிறான். "முள்ளோடை தாண்டினா ஒயின் ரோடுதானே மாமா, அதுக்கு எதுக்கு பிளைட்டு?" என்கிறான். முள்ளோடை எங்கள் பக்கத்துப் பாண்டி எல்லை, ரோட்டோரம் வரிசையாக ஒயின் கடை. குடிக்காதவன் அங்கே போய் எதைப் பார்ப்பது? பேசாமல் பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று மாற்றச் சொல்லிவிடலாமா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 ஜூன், பகல் 2.35

மாற்றாதீர்கள். ஊர்களை மட்டும் குறையுங்கள். ஐந்து நாளில் பதினான்கு ஊர் என்பது நவக்கிரகக் கோயில் பேக்கேஜ் மாதிரி. வேனில் ஏறி இறங்கியதுதான் மனசில் நிற்கும்.

நான் பாண்டி, முத்தியால்பேட்டை. 2018 செப்டம்பரில் அக்கா மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனேன். கோல்மாரை ஒட்டி ஒரு சின்ன ஊர். விசா 90 நாள், நான் இருந்தது 88. நானும் குடிப்பதில்லை. காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே தினமும் இரண்டு மணி நேரம் நடந்தேன். சுற்றுலாப் பயணியாக நான் பார்த்ததை விட, பிள்ளை தூங்கட்டும் என்று நடந்தபோது பார்த்ததுதான் அதிகம்.

ஒயின் ரோடு என்பது ஒரே நேர் ரோடு இல்லை. ஸ்ட்ராஸ்பூர்கில் ஆரம்பித்துத் தெற்கே தான் என்ற ஊர் வரை 170 கிலோமீட்டர். மேற்கே வோஜ் மலை, அதன் அடிவாரச் சரிவு முழுக்கத் திராட்சை, நடுநடுவே ஊர். ஓர் ஊரின் தேவாலயக் கோபுரத்தடியில் நின்றால் அடுத்த ஊரின் கோபுரம் தெரியும். உங்கள் மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். முள்ளோடையில் தெரிவது அடுத்த கடையின் போர்டு.

3 ஜூன், இரவு 9.50

திருத்தம். ரோடு ஸ்ட்ராஸ்பூர்கில் ஆரம்பிக்கவில்லை, அதற்கு மேற்கே இருபது கிலோமீட்டர் தள்ளி மார்லென்ஹைமில் ஆரம்பிக்கிறது. அக்காவிடம் போனில் பேசும்போது கையோடு மாட்டிக்கொண்டேன். 1953 மே 30 அன்று மார்லென்ஹைமிலிருந்து ஒரு கூட்டம் கார்களும் தான் ஊரிலிருந்து இன்னொரு கூட்டம் கார்களும் கிளம்பி வழியில் சந்தித்தன. ரோடு திறப்பு விழா அதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. இடிந்த ஊர்களுக்கு ஆள் வரவேண்டும், பாட்டில் விற்கவேண்டும் என்று போட்ட திட்டம். ரோடு புதிதாகப் போடவில்லை. இருந்த ஊர்ச் சாலைகளைக் கோத்துப் பலகை வைத்தார்கள், அவ்வளவுதான்.

4 ஜூன், காலை 6.20

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். செப்டம்பர் கடைசி என்றால் அறுவடைக் காலம். நீங்கள் தெரியாமலே நல்ல நேரத்தைப் பிடித்திருக்கிறீர்கள்.

நான் போன வருடம் நல்ல வெயில், அறுவடை சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. விடிகாலைப் பனியில் ஆட்கள் வரிசைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, சின்னக் கத்தரியால் குலையை வெட்டி வாளியில் போடுவார்கள். வரிசை நடுவே ஒருவர் முதுகில் பெரிய கூடையைக் கட்டிக்கொண்டு வருவார். எல்லோரும் வாளியை அவர் முதுகில் கொட்டுவார்கள். அவர் டிராக்டர் தொட்டி மேல் ஏறி, குனிந்து, தோளுக்கு மேலாக அப்படியே கவிழ்ப்பார். நம் ஊரில் உப்பு சுமப்பவர்கள் கூடையைக் கவிழ்க்கிற அதே வெட்டு. மெஷினும் வந்துவிட்டது, வரிசை மேல் கால் அகட்டி ஊர்ந்து போகும், உயரமான வண்டி. ஆனால் நுரை வருகிற ஒயினுக்கு, அங்கே க்ரேமான் என்கிறார்கள், கையால்தான் பறிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் கைப்பறிப்பு கட்டாயம் கண்ணில் படும்.

கொடி எப்படி இருக்கும் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். பந்தல் கிடையாது. கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு வேலி மாதிரி வரிசை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். குளிர்காலத்தில் கவாத்து பண்ணி, விட்டுவைத்த ஒன்றிரண்டு கொம்பை வில்லாக வளைத்துக் கம்பியில் கட்டுவார்கள். வருடத்தில் ஒரே ஒரு அறுவடை. அந்த ஒன்றுக்குத்தான் மீதிப் பதினொரு மாத வேலையும்.

ஒரு எச்சரிக்கை. பழம் முற்றும் காலத்தில் சில ஊர்களில் தோட்டப் பாதைகளை மூடிவிடுவார்கள். பலகையைப் பார்த்து நடக்கவேண்டும். நான் பலகை படிக்காமல் தள்ளுவண்டியோடு உள்ளே போய், ஒரு தாத்தா நாயோடு வந்து என்னைத் திரும்ப ரோட்டில் கொண்டுவந்து விட்டார். திட்டியதெல்லாம் அல்சாஸ் பேச்சில், ஜெர்மன் மாதிரி இருக்கும். புரியாததால் வலிக்கவில்லை.

4 ஜூன், காலை 11.05

சாப்பாடு. உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள், பட்டினி கிடக்கவேண்டாம், ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

தார்த் ஃப்ளாம்பே என்று ஒன்று. மெல்லிய ரொட்டி மாவின் மேல் புளித்த பாலேடு, வெங்காயம், பன்றித் துண்டு போட்டு விறகடுப்பில் இரண்டு நிமிடம். "சான் லார்தோன்" என்று சொன்னால் பன்றி இல்லாமல் தருவார்கள். ரொட்டி சுடுகிறவர்கள் அடுப்புச் சூடு பார்க்க முதலில் போட்டுப் பார்த்த மாவுதான் இப்படிப் பலகாரமானது என்கிறார்கள். நம் முதல் தோசை அங்கே மெனுவில் ஏறிவிட்டது. ஷூக்ரூட் என்று முட்டைக்கோஸைப் புளிக்கவைத்துச் செய்வார்கள், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், தட்டில் முக்கால்வாசி இறைச்சி. கூக்லோஃப் என்ற கேக், நடுவில் ஓட்டை, பாதாமும் உலர்திராட்சையும் போட்டது. அதில் முட்டை உண்டு. உங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொள்வதற்குத் தோதான பலகாரம்.

முன்ஸ்டர் சீஸ் சைவம், தாராளமாகச் சாப்பிடலாம், மேலே சீரகம் தூவித் தருவார்கள். ஆனால் வாசனை! அக்கா அதை பிரிட்ஜில் வைக்காமல் பால்கனியில் வைப்பாள். முதல் நாள் நான் யாரோ கருவாடு வறுக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

4 ஜூன், மாலை 5.30

லாசுப்பேட்டை வாசகர் ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். பழைய முறை சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற நொதியைச் சேர்ப்பது வழக்கம். சுத்த சைவத்துக்கு அது ஆகாது. "தாராளமாக" என்ற என் வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். மேலே தூவுவதும் நம் சீரகம் இல்லையாம், பார்க்க அதே மாதிரி இருக்கிற கேரவே. இந்த இழையில் நான் சொன்னதில் ஊர்ப் பெயர்களையாவது நம்புங்கள்.

5 ஜூன், இரவு 10.15

ஊர்கள். எல்லோரும் ரீக்விர் சொல்வார்கள். அழகுதான். கோட்டைச் சுவருக்குள் ஒரு பெரிய தெரு, 1291இல் கட்டிய டோல்டர் கோபுரம், போரில் தப்பித்த ஊர், சாய்ந்த மரச்சட்ட வீடுகள், சன்னலெல்லாம் ஜெரேனியம். ஆனால் பகல் பதினோரு மணிக்குப் பிறகு பாண்டி நேரு வீதியில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். காலை எட்டரைக்குள் போங்கள், கடைக்காரர்கள் வாசல் கழுவுகிற நேரம்.

எகிஷைம் எனக்குப் பிடித்தது. கோல்மாரிலிருந்து ஏழு கிலோமீட்டர். ஊரே வட்டம், நடுவில் கோட்டை, அதைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி தெருக்கள். ஒரு தெருவில் நடந்தால் கிளம்பின இடத்துக்கே வந்துவிடுவீர்கள். 1002இல் பிறந்த ஒன்பதாம் லியோ என்ற போப்பின் ஊர் என்கிறார்கள். ஒரு சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். அக்கா மருமகனுக்குப் போன் பண்ணக் கூச்சம். தோட்டங்கள் வழியாக நடந்தே வந்தேன், ஒன்றரை மணி நேரம். வழியில் இரண்டு பெண்கள் டிராக்டரை நிறுத்தி ஒரு குலை பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மணி கடுகளவுதான், கொட்டை வாயை நிரப்பும், ஆனால் அந்த இனிப்பு! ரோஜாப்பூ வாசனை வேறு. கெவூர்ஸ்ட்ரமினர் என்ற ரகம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பெயரைச் சொல்லிப் பழக இன்னொரு ஒன்றரை மணி நேரம் ஆனது.

கோல்மார் ஊருக்குள் உன்டர்லிண்டன் மியூசியம். இசென்ஹைம் பலிபீட ஓவியத்துக்காகவே போகலாம். க்ரூனவால்ட் வரைந்த சிலுவைப்பாட்டில் இயேசுவின் தோலெல்லாம் புண். தோல் வெந்து அழுகும் ஒரு வியாதியோடு வந்தவர்களை வைத்துப் பார்த்த மடத்துக்காக வரைந்தது, அவர்கள் தங்கள் புண்ணையே அதில் பார்க்கட்டும் என்று. நான் கோயிலுக்குப் போகிறவள், தேவாலயத்துக்குப் போகிறவள் இல்லை. இருந்தாலும் நாற்காலி தேடி உட்கார்ந்துவிட்டேன். சுதந்திரதேவி சிலை செய்த பர்தோல்தி கோல்மார்க்காரர், ஊர் வாசலில் ரவுண்டானாவில் அவர் சிலையின் நகல் நிற்கிறது, அதற்கு பஸ்ஸிலிருந்தே ஒரு போட்டோ போதும்.

6 ஜூன், காலை 7.00

"ருசி பார்க்காமல் ஒயின் கடைக்குள் போனால் விரட்டிவிட மாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டார்கள். ருசி பார்க்கிறவர்களே வாயில் வைத்துவிட்டுத் துப்புவார்கள், அதற்கென்றே மேஜையில் ஒரு பாத்திரம் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது வெற்றிலை எச்சில் படிக்கம் ஞாபகம் வந்தது. நீங்கள் குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, நிலவறையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மணக்கிற திராட்சை ஜூஸ் பாட்டிலும் பல இடங்களில் விற்பார்கள், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பகல் 12 முதல் 2 வரை கதவு சாத்தியிருக்கும், ஞாயிறு பல இடங்களில் லீவு. ஓர் இடத்தில் மட்டும், வாங்காவிட்டால் எதற்கு வந்தாய் என்கிற மாதிரி முகத்தைக் காட்டினார்கள். அப்படியும் ஒன்றிரண்டு இருக்கும், நம் ஊர்ப் பட்டுச் சேலைக் கடைகளில் இல்லாததா.

நிலவறையில் ஒரு விஷயம் கேட்டு நடுங்கினேன். சாறு நுரைத்துப் பொங்குகிற வாரங்களில் அதிலிருந்து கரியமில வாயு வந்து தரையோடு தேங்கும். அந்தக் காலத்தில் மெழுகுவத்தியை ஏற்றித் தாழ்த்திப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்களாம். அணைந்தால் ஓடி வந்துவிட வேண்டும். பழைய கிணற்றில் இறங்கும்முன் நம் ஊரில் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் இதற்குத்தானே.

மகள் ஸ்ட்ராஸ்பூர்கில் இருப்பதால் இதையும் சொல்கிறேன். அங்கே பெரியாஸ்பத்திரிக்கு அடியில் 1395இல் ஆரம்பித்த ஒயின் நிலவறை இருக்கிறது. வைத்தியத்துக்குக் காசில்லாதவர்கள் திராட்சை நிலத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதி வைத்தார்கள். 1472ஆம் வருடத்து ஒயின் ஒரு பீப்பாயில் இன்னும் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டில் அதை ஊற்றிக் கொடுத்தது மூன்றே தடவை, கடைசியாக 1944இல், ஜெர்மன் பிடியிலிருந்து ஊர் விடுதலையானபோது பிரெஞ்சு ஜெனரல் லெக்லெர்க்குக்கு. குடிக்காதவருக்கும் குடிக்கிறவருக்கும் அங்கே ஒரே மரியாதை, இருவருக்கும் கிடையாது.

6 ஜூன், பகல் 3.20

முக்கியமானதை மறந்தேன். "வேன் நூவோ" என்று பாட்டிலில் விற்பார்கள், கலங்கலாக, இளமஞ்சளாக, ஜூஸ் மாதிரியே இருக்கும். ஜூஸ் இல்லை. பொங்க ஆரம்பித்த சாறு. பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே இருக்கிற பருவம். ரோட்டோரக் கடையில் அக்ரூட் கொட்டையோடு தருவார்கள். நான் நல்ல வெயிலில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குழந்தைக்குத் தாலாட்டை மூன்று சுருதியில் பாடினேனாம். வீடியோ இருக்கிறது. காட்ட மாட்டேன்.

பாட்டில் மூடியை இறுக்கமாட்டார்கள், உள்ளே வாயு வந்துகொண்டே இருக்குமே. வாங்கினால் நிமிர்த்தியே வைக்கவேண்டும்.

9 ஜூன், இரவு 11.40

உப்பளம் வாசகருக்கு: "பிரெஞ்சுக்காரன் இருநூறு வருடத்துக்கு மேல் இருந்தும் பாண்டியில் ஏன் ஒரு திராட்சைத் தோட்டம்கூட இல்லை" என்ற கேள்வி எனக்கும் உண்டு. அல்சாஸில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன், திராட்சை விவசாயம் பார்த்தவர். அவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் ஊரில் எவ்வளவு மழை?" போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன், வருடத்துக்கு 1300 மில்லிமீட்டர் அளவில், அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். பாட்டி சிரித்தார். கோல்மாருக்கு அதில் பாதிகூட வராது, 600க்குள்தான். பிரான்சிலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று. மேற்கிலிருந்து வருகிற மேகத்தை வோஜ் மலை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது, இந்தப் பக்கம் வெயில். அதோடு கொடிக்குக் குளிரில் ஒரு தூக்கம் வேண்டும். நம் ஊரில் எதுவும் தூங்காது, கொசு உட்பட.

மலை மறைவு என்றதும் தேனிப் பக்கத்துக் கம்பம் ஊர் நினைவுக்கு வரும். 2020 ஜனவரியில் சுருளிப்பட்டிப் பக்கம் போனோம். அங்கே கொடி தலைக்கு மேல் பந்தலில், குலைகள் நெற்றியில் இடிக்கும், குனிந்துதான் நடக்கணும். அல்சாஸில் வரிசைக்குப் பக்கத்தில் நடக்கிறோம், கம்பத்தில் கூரைக்குக் கீழே நடக்கிறோம். கவாத்து பண்ணுகிற மாதத்தை மாற்றி மாற்றி வருடம் முழுக்கப் பழம் எடுக்கிறார்கள். பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர் கொடியைத் தேனிக்குக் கொடுத்துவிட்டு நமக்குக் கடையை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

10 ஜூன், காலை 8.15

நேற்று எழுதியது வேடிக்கையாகப் போய்விட்டது. பாட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

அவருக்கு அப்போது 86. பிறந்த ஊர் பென்விர். பதினான்கு ஊர்ப் பட்டியலில் பென்விர் இருக்கிறதா பாருங்கள், இருக்காது. 1944 டிசம்பரில் கோல்மாரைச் சுற்றி நடந்த சண்டையில் அந்த ஊர் தரைமட்டம். இன்று இருப்பதெல்லாம் போருக்குப் பின் கட்டியது. சாய்ந்த வீடு இல்லை, பூத்தொட்டி போட்டோ இல்லை, அதனால் பஸ் நிற்காமல் போகும். நீங்கள் இறங்குங்கள். புதிய தேவாலயத்தில் சுவர் நீளத்துக்கு ஓடுகிற கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. சாயங்கால வெயிலில் உள்ளே தரையெல்லாம் நிறம். அங்கிருந்து ஊருக்குப் பின்னால் ஏறினால் கொடிகள் பழைய ஊர்களின் கொடிகள் மாதிரியேதான் இருக்கின்றன.

பாட்டியின் அம்மா 1908இல் பிறந்தபோது ஜெர்மன்காரி. 1918க்குப் பிறகு பிரெஞ்சுக்காரி. 1940இல் மறுபடி ஜெர்மன். 1945இல் மறுபடி பிரெஞ்சு. வீட்டைவிட்டு நகரவே இல்லை. பாட்டிக்கு எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசக் கூடாது என்றாகிவிட்டது. தலையில் பிரெஞ்சுக்காரர்கள் போடுகிற பெரெ தொப்பி போடவும் தடை. நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அக்காவின் மாமனார் நினைவு. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் பாண்டியில் நாங்கள் சொல்கிற பெயர், வெளியூர்க்காரர்களுக்காக. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி பாண்டி இந்தியாவோடு சேர்ந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். அவர் எழுதிக் கொடுத்தார், அவர் தம்பி கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாடு.

அல்சாஸிலும் அதே கதை, தொண்ணூறு வருடம் முன்னால். 1871இல் ஜெர்மனி பிடித்ததும், பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் 1872 அக்டோபர் 1க்குள் சொல்லவேண்டும். ஆனால் அங்கே சொன்னவர்கள் ஊரையும் விட்டுப் போகவேண்டும். எங்கள் சொல்தாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஊரிலேயே இருந்துகொண்டு பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14க்கு மெடல் குத்திக்கொண்டு கடற்கரைக்கு வந்தார்.

10 ஜூன், பகல் 12.50

ஒருவர் "ஒயினிலிருந்து வெகுதூரம் போய்விட்டீர்கள் மேடம்" என்கிறார். போனதுதான். இன்னும் கொஞ்சம் போய்விட்டுத் திரும்புகிறேன்.

2018 நவம்பர் 11, முதல் உலகப் போர் முடிந்து நூறு வருடம். ஊரில் நினைவுத்தூண் முன்னால் எல்லோரும் கூடினார்கள், நான் குழந்தையோடு ஓரமாக. பாண்டியில் கடற்கரைச் சாலையிலும் அன்று மலர்வளையம் வைப்பார்கள், 1938இல் கட்டிய சின்னம் அது, "தாய்நாட்டுக்காக இறந்தவர்கள்" என்று பொறித்திருக்கும். அல்சாஸ் தூண்களில் பெரும்பாலும் "எங்கள் இறந்தவர்களுக்கு" என்றுதான் இருக்கும், எந்த நாட்டுக்காக என்று இருக்காது. ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் செத்தது ஜெர்மன் உடுப்பில். ஸ்ட்ராஸ்பூர்கில் ரெப்யூப்ளிக் சதுக்கத்தில் 1936இல் வைத்த சிலை, ஒரு தாய், மடியில் இரண்டு மகன்கள், இருவர் உடம்பிலும் உடுப்பே இல்லை. உங்கள் மகள் தினமும் அதைக் கடந்து போகலாம். நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பிவிட்டேன். ஒயின்.

14 ஜூன், இரவு 9.30

டிசம்பருக்குத் தள்ளிப் போடலாமா, கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கலாமே என்று உங்கள் மகள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்றுதான் முதலில் டைப் அடித்தேன், அழித்துவிட்டேன். ஸ்ட்ராஸ்பூர்கில் அந்தச் சந்தை 1570லிருந்து நடக்கிறது. நான் கோல்மாரில் முதல் வாரம் பார்த்தேன். விளக்கும் பட்டை கிராம்பு வாசனையும், சுடச்சுட ஆப்பிள் ஜூஸும், மனசு குழந்தையாகிவிடும். ஆனால் கொடி மொட்டை. வெறும் கட்டை வரிசைகள், மூடுபனி, நாலரை மணிக்கு இருட்டு. பாண்டி உடம்புக்கு அந்தக் குளிர் ஆகாது. நீங்கள் வேலையைப் பார்க்க ஆசைப்பட்டால் செப்டம்பர். அலங்காரம் பார்க்க ஆசைப்பட்டால் டிசம்பர். ஒரே டிக்கெட்டில் இரண்டும் நடக்காது.

செப்டம்பரில் நாரைகள் போய்விட்டிருக்கும் என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். ஓரளவு சரி. ஆனால் குளிர்காலத்திலும் அங்கேயே தங்கிவிடுகிறவை உண்டு, கூரை மேல் மாட்டுவண்டிச் சக்கரம் அளவு கூடு கட்டாயம் தெரியும். 1970களில் அல்சாஸ் முழுக்கப் பத்து ஜோடிகூட இல்லாமல் போய், 1976லிருந்து ஹுனாவிரில் வளர்த்து விட்டு மீட்டார்கள். ஊசுடு ஏரியில் காலை ஆறு மணிக்கு பைனாகுலரோடு நிற்கிற என் வீட்டுக்காரருக்கு அந்த ஒரு ஊர் போதும்.

18 ஜூன், பகல் 1.10

இதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பாட்டிக்குப் பண்ருட்டி முந்திரி கொடுத்தேன், அரை கிலோ, அம்மா ஊரிலிருந்து கொண்டுபோனது. கடாம்புலியூர் பக்கம். பாட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். மரமா கொடியா? நட்டு எத்தனை வருடத்தில் காய்க்கும்? எந்த மாதம் பூ? ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு பொறுக்குவார்? மண் என்ன நிறம்? எனக்கு ஒன்றுக்கும் ஒழுங்கான பதில் தெரியவில்லை. சின்ன வயதில் லீவுக்கு லீவு போன ஊர். முந்திரிப்பழம் சாப்பிட்டுத் தொண்டை கரகரத்ததும் சட்டையில் கறை ஆனதும் தெரியும், மரத்தைப் பற்றித் தெரியாது. அல்சாஸ் கவாத்து பற்றி நோட்டில் எழுதி வைத்தவள் நான்.

தானே புயலில், 2011 டிசம்பர் 30 விடிகாலை, மாமாவின் தோப்பு முழுக்கச் சாய்ந்தது. பலாவும் போனது. அப்போதும் நான் போய்ப் பார்த்து அழுதுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினேன். 2019 ஏப்ரலில் போய் நான்கு நாள் இருந்தேன். மாமா மறுபடி நட்டது ஒட்டுக்கன்று, மூன்றாம் வருடமே காய்ப்புக்கு வந்ததாம். அத்தை என்னைக் கொட்டை உடைக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். தோலில் வடிகிற எண்ணெய் கையைப் பொத்துவிடும், சாம்பல் பூசிக்கொண்டு உடைக்கிறார்கள், ஆனாலும் விரல் நுனியெல்லாம் கருப்பு. அல்சாஸில் பறிப்பவர்கள் கையைப் பார்த்தபோது எனக்கு ஏன் இந்தக் கை நினைவுக்கு வரவில்லை என்று வெட்கமாக இருந்தது.

19 ஜூன், காலை 7.45

நெய்வேலி வாசகர்: "அப்படியானால் பண்ருட்டியில் ஒரு முந்திரி ரோடு போட்டுவிடலாமே!" ஏற்கெனவே இருக்கிறது, பலகைதான் இல்லை. சித்திரையிலிருந்து ஆனி வரை ரோட்டோரம் பலாவை மலையாகக் குவித்திருப்பார்கள், பணிக்கன்குப்பம் தாண்டும்போது பஸ் சன்னலை மூடினாலும் வாசனை உள்ளே வரும். வருகிறவர்கள் காரை ஓரங்கட்டி, சுளை வாங்கி, அங்கேயே தின்று, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தோப்புக்குள் யாரும் போவதில்லை. உட்கார ஒரு இடம், சுத்தமான கழிப்பறை, தோப்பைச் சுற்றிக்காட்ட ஒரு ஆள், அல்சாஸ் ஊர்களில் இருப்பதில் இந்த மூன்றைத்தான் நான் பொறாமையோடு பார்த்தேன். மரச்சட்ட வீடு நமக்கு வேண்டாம், கறையான் விடாது.

"உடைக்கிற பெண்களின் கையையும் காட்சிப்பொருள் ஆக்கவா?" என்று அவரே அடுத்த வரியில் கேட்டிருக்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அல்சாஸில் தோட்டத்துக்காரரே வந்து பேசுவார், பாட்டிலும் அவர் பெயரில் இருக்கும். இங்கே உடைக்கிற பெண்ணின் பெயர் எந்தப் பொட்டலத்தில் இருக்கிறது?

2 ஜூலை, இரவு 8.00

சுருக்கமாகத் தேதிவாரியாக எழுதச் சொன்னீர்கள். எழுத மாட்டேன், மகள் போடட்டும். ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து கோல்மாருக்கு ரயில் அரை மணி நேரம், அங்கேயே ஐந்து ராத்திரியும் தங்கிக்கொள்ளுங்கள். ரீக்விர் காலை, எகிஷைம் சாயங்காலம், பென்விர் ஒரு பகல். மீதி நேரம் நடங்கள். ஓ-கோனிக்ஸ்பூர்க் கோட்டைக்கு வேண்டுமானால் ஒரு நாள். இடிந்து கிடந்ததை 1900லிருந்து 1908க்குள் ஜெர்மன் கைசர் புதுசாகக் கட்டிக்கொண்டது, மேலிருந்து பார்த்தால் திராட்சைச் சமவெளி முழுக்கத் தெரியும். முழங்கால் வலி இருந்தால் விட்டுவிடுங்கள், படி நிறைய.

முந்திரி ஒரு கிலோவாவது எடுத்துப்போங்கள். யாராவது ஏதாவது கொடுப்பார்கள், பதிலுக்கு வேண்டும். போகுமுன் ஒரு தடவை பண்ருட்டித் தோப்பு ஒன்றைப் பார்த்துவிட்டுப் போங்கள், கேள்வி வரும்.

1 அக்டோபர், காலை 6.40

கோல்மாரிலிருந்து எழுதியதற்கு நன்றி சார். ஊர் மூன்றாகக் குறைந்ததும், உங்கள் வீட்டு அம்மா கூக்லோஃபை இரண்டு நாளும் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிட்டதும் படித்துச் சிரித்தேன்.

வேன் நூவோவை ஜூஸ் என்று நினைத்து வாங்கி, மூடி சரியாக இல்லையே என்று இறுக்கி, பையில் படுக்கவைத்துத் தோட்டத்தில் நடந்தீர்கள் என்றால் அது வெடிக்காமல் என்ன செய்யும்? ஜூன் 6 பகல் 3.20 குறிப்பைப் பாருங்கள். ஸ்வெட்டர் போகட்டும், வெள்ளை ரகம்தான், கறை நிற்காது. இரண்டு அலசலில் வாசனையும் போய்விடும். அதே பையில்தானே முந்திரி இருந்தது, அது நனைந்ததா இல்லையா என்று எழுதவே இல்லையே?